துடைக்கும் முன் நனையுங்கள்: கார் பராமரிப்பு பற்றி வாசகர் கேள்வி பதில்

வீட்டிலேயே காரைக் கழுவிப் பராமரிப்பது குறித்து மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்த கடிதங்களில், பலருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளைத் தேர்ந்தெடுத்து இந்த இதழில் விடையளிக்கிறோம். ஒரே சங்கதியைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: ஐயா, இரண்டு ஆண்டுகளுக்கு முன் கருநீல நிறத்தில் ஒரு கார் வாங்கினேன். தினமும் காலையில் மஞ்சள் துணியால் தூசியைத் தட்டித் துடைத்த பிறகுதான் வண்டியை எடுப்பேன். அப்படியிருந்தும் வெயிலில் பார்த்தால் பானெட் முழுவதும் சிலந்தி வலை பின்னியதுபோல் வட்ட வட்டமாகக் கீறல்கள் தெரிகின்றன. பெயிண்டரிடம் காட்டியதற்கு, ‘ரப்பிங் போட்டால் போய்விடும்’ என்கிறார். போடலாமா?
(வாசகர், மேலூர்)

பதில்: தாங்கள் தினமும் துடைப்பதுதான் அந்தக் கீறல்களுக்குக் காரணம். மேலூர்ப் பக்கத்தில் கல்குவாரிகளும் கிரஷர்களும் இருப்பதால், இரவில் வண்டியின் மேல் படியும் புழுதியில் மண்ணோடு கருங்கல் துகளும் கலந்திருக்கும். கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ், மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் 7-ஆம் படியில் இருக்கும் கனிமம், கண்ணாடியையே கீறிவிடும். அந்தத் துகள்களை உலர்ந்த துணிக்கு அடியில் வைத்துக் கையால் அழுத்தி வட்டமாகத் தேய்த்தால், துணி எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் கீறல் விழத்தான் செய்யும். வெள்ளைக் காரிலும் இதே அளவு கீறல் விழுகிறது; கருநீலம், கறுப்பு, அடர்சிவப்பு ஆகிய நிறங்களில் அது பளிச்சென்று தெரிகிறது என்பதுதான் வேறுபாடு.

ரப்பிங் போடுவதற்கு முன், எதைத் தேய்க்கப் போகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. இன்றைய கார்களில் இரும்புத் தகட்டின் மீது முதலில் துருத்தடுப்புப் பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் என நான்கு அடுக்குகள் இருக்கும். நான்கும் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரைதான் வரும். அதில் கிளியர் கோட் ஏறக்குறைய 35 முதல் 50 மைக்ரான், அதாவது தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. பளபளப்பைத் தருவதும், வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பதும் இந்த மெல்லிய அடுக்குதான். ரப்பிங் என்பது கீறலை அடைக்கும் வேலையன்று. கீறலின் ஆழம் வரைக்கும் கிளியர் கோட்டைச் சுற்றிலும் தேய்த்து எடுத்துவிடும் வேலை. ஒருமுறை கவனமாகச் செய்தால் தவறில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் என்று போட்டுக்கொண்டே இருந்தால், சில ஆண்டுகளில் அந்த அடுக்கு தீர்ந்து, பானெட்டிலும் கூரையிலும் திட்டுத் திட்டாக வெளுப்புத் தட்டும். அதன்பிறகு மறுபடி பெயிண்ட் அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஆகவே கழுவும் முறையை முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். தினசரித் துடைப்பை அடியோடு நிறுத்துங்கள். தூசியோடு ஓடுவதால் பெயிண்ட்டுக்கு ஒரு கேடும் வராது. வாரம் ஒருமுறை, நிழலில், பானெட் தொட்டால் சுடாத நேரத்தில், மேலிருந்து கீழாகத் தண்ணீரை அடித்து எவ்வளவு மண் போகுமோ அவ்வளவையும் கை வைக்காமல் முதலில் இறக்கிவிடுங்கள். பிறகு இரண்டு வாளிகளை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர், மற்றொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்புவில் நனைத்து ஒரு பகுதியைக் கழுவியதும், அடுத்த பகுதிக்குப் போகுமுன் வெறும் தண்ணீர் வாளியில் அலசிப் பிழிந்துவிட வேண்டும். கழுவி முடித்த பிறகு அந்த வாளியின் அடியில் கையை விட்டுப் பாருங்கள். நறநறவென்று விரலில் படும் மண் முழுவதும், ஒரே வாளியாக இருந்திருந்தால் மறுபடி வண்டியின் மேல் ஏறியிருக்கும். கூரை, கண்ணாடி, பானெட், டோரின் மேற்பாதி என்று இறங்கி வந்து, சக்கரத்தையும் டோரின் அடிப்பகுதியையும் கடைசியில் வேறு துணியால் கழுவுங்கள். ஈரத்தை ஒற்றி எடுக்கத் தனியாக ஒரு பெரிய மைக்ரோஃபைபர் துண்டு வேண்டும். கீழே விழுந்த துண்டை உதறிவிட்டு மறுபடி பயன்படுத்தக் கூடாது. துவைக்கும்போது துணியை மென்மையாக்கும் திரவத்தையும் சேர்க்கக் கூடாது, இழைகளின் உறிஞ்சும் தன்மை கெட்டுவிடும். பாத்திரம் துலக்கும் திரவமும் வேண்டாம். அது அழுக்கோடு, பூச்சைக் காக்க மேலே போடும் மெழுகான வாக்ஸையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும்.

இந்தப் பழக்கம் படிந்த பிறகு ரப்பிங் பற்றி யோசியுங்கள். நகத்தைக் குறுக்கே ஓட்டினால் தட்டுப்படாத கீறல் என்றால், நயமான பாலிஷைக் கையாலேயே போட்டு ஓரளவு மறைக்க முடியும். நகம் சிக்கினால் அது பாலிஷுக்குக் கட்டுப்படாது. மெஷின் வைத்துச் செய்வதாக இருந்தால், பெயிண்ட் தடிமனை அளக்கும் மீட்டர் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லாதவரிடம், விளிம்புகளிலும் மடிப்புகளிலும் மெஷினை வைக்க வேண்டாம் என்றாவது சொல்லிவிடுங்கள். பூச்சு மிக எளிதில் தேய்ந்துபோவது அங்கேதான்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் போர் தண்ணீர்தான். காரைக் கழுவிக் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் நின்றுவிடுகின்றன. கறுப்பு வண்டியாதலால் அம்மை போட்டதுபோல் இருக்கிறது. நல்ல தண்ணீரோ குடிப்பதற்கே அளந்துதான் வருகிறது. மேலும், குழாய் போட்டுக் கழுவக் கூடாது என்று சங்கத்தில் தடை வேறு. என்ன செய்வது?
(வாசகர், கே. புதூர்)

பதில்: மதுரையில் காருக்கு வரும் தொல்லைகளில் உப்புத் தண்ணீருக்கே முதலிடம் கொடுக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும், தண்ணீர் ஆவியானதும் வெள்ளைப் படிவாகத் தங்கிவிடுகின்றன. குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயத்தில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பதே விரும்பத்தக்கது; இந்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் வைத்திருப்பவரிடம் உங்கள் போர் தண்ணீரை ஒருமுறை அளந்து பார்த்தால், வண்டியில் என்ன படிகிறது என்பது விளங்கிவிடும்.

முழுவதையும் நல்ல தண்ணீரில் கழுவத் தேவையில்லை. முதல் அலசலும் ஷாம்புவும் உப்புத் தண்ணீரிலேயே இருக்கட்டும். கடைசி அலசல் மட்டும் உப்பில்லாத தண்ணீரில் இருந்தால் போதும். அதற்கான தண்ணீர் உங்கள் வீட்டிலேயே வீணாகிக்கொண்டிருக்கிறது. ஏ.சி.யின் பின்பக்கக் குழாயில் சொட்டும் நீர், காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து உருவானது என்பதால் அதில் உப்பு அநேகமாக இருக்காது. கோடையில் இரவு முழுவதும் ஓடும் ஏ.சி.க்கு அடியில் ஒரு வாளி வைத்துப் பாருங்கள். சேர்ந்ததை மெல்லிய துணியில் வடிகட்டி, தோட்டத்துக்குத் தெளிக்கும் கைப்பம்பில் ஊற்றி அடித்தால், குறைந்த நீரிலேயே கடைசி அலசல் முடிந்துவிடும். குழாய்க்குத் தடை இருந்தாலும் கைப்பம்பை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பம்பு புதிதாக இருக்கட்டும். வயலுக்கு மருந்தடித்த பம்பைக் கழுவி எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். மழைநீர் சேமித்து வைத்திருந்தால் அதுவும் நல்லதே. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரைக் கார் கழுவப் பயன்படுத்தலாம் என்று ஒரு யோசனை பலரிடம் இருக்கிறது. வீட்டுத் தரையைத் துடைக்க அது உதவும்; காருக்கு உதவாது. உங்கள் போர் தண்ணீரில் உள்ள உப்பெல்லாம் செறிந்து நிற்பது அந்த நீரில்தான்.

கழுவியதும் தானாகக் காயட்டும் என்று விடாமல் உடனே துண்டால் ஒற்றிவிட வேண்டும். ஏற்கெனவே நிற்கும் புள்ளிகளுக்கு வெள்ளை வினிகரும் நல்ல தண்ணீரும் சமபங்கு கலந்து, நிழலில், குளிர்ந்த பரப்பில், துணியை நனைத்துப் புள்ளியின் மேல் ஓரிரு நிமிடம் ஒட்டி வைத்து, பிறகு நிறைய நீர் விட்டு அலசுங்கள். படிவு கரைந்துவிடும். கரைந்த பிறகும் வட்டமாகத் தழும்பு தெரிந்தால், அது கிளியர் கோட்டையே அரித்துவிட்டது என்று பொருள். அங்கே வினிகருக்கு வேலையில்லை, நயமான பாலிஷ்தான்.

கேள்வி: ஆயுத பூஜைக்குக் காரில் சந்தனம், குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டினோம். மறுநாள் கழுவியும் மஞ்சளும் கறையும் போகவில்லை. சோப்புப் போட்டதும் மஞ்சள் இன்னும் சிவப்பாகிவிட்டது. பயமாக இருக்கிறது.
(வாசகர், திருமங்கலம்)

பதில்: பயப்பட வேண்டாம். மஞ்சளில் உள்ள குர்குமின், காரத்தன்மையுள்ள சோப்புப் பட்டால் சிவந்துவிடும். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வதும் இதே குணத்தை வைத்துத்தான். காரம் நீங்க அலசினால் சிவப்பு தணியும். மிச்ச மஞ்சளுக்கு வெயிலே மருந்து. குர்குமின் ஒளியில் சிதைந்து நிறம் இழந்துவிடும் என்பதால், நன்றாகக் கழுவிச் சில நாள் வண்டியை வெயிலில் நிறுத்தி ஓட்டினாலே பெரும்பாலும் மறைந்துவிடும். அவசரமென்றால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் சமபங்கு தண்ணீர் கலந்து துணியில் தோய்த்து மெதுவாக ஒற்றி எடுத்து, உடனே அலசி, அந்த இடத்தில் மறுபடி வாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

வாழைக்கறைதான் சற்று வம்பு. வெட்டிய தண்டிலிருந்து வடியும் பால் ஈரமாக இருக்கும்போது தண்ணீரிலேயே போய்விடும். காய்ந்து பழுப்பேறிய பிறகு பிடிவாதம் பிடிக்கும். அடுத்த முறை வெட்டுவாயில் பாலித்தீன் சுற்றிக் கட்டுங்கள். கயிறு பெயிண்ட்டில் உரசும் இடங்களில் பழைய பனியன் துணியை மடித்து வையுங்கள். திருநீறும் காய்ந்த சந்தனமும் துகளானவை. உலர்ந்த நிலையில் கையால் வழித்துவிடாமல், ஈரத்துணியைச் சற்று நேரம் மேலே போட்டு ஊறவைத்த பிறகே எடுக்க வேண்டும். பாண்டி கோயிலுக்கோ அழகர்கோவிலுக்கோ புது வண்டியை ஓட்டிச் சென்று பூஜை போடுபவர்களுக்கும் இதையே சொல்வோம். பொட்டை முன்கண்ணாடியின் ஓரத்தில் வைத்தால் பூஜைக்கும் குறைவில்லை, பெயிண்ட்டுக்கும் கேடில்லை. கண்ணாடியில் மஞ்சள் ஏறாது. சக்கரத்தில் நசுங்கிய எலுமிச்சைச் சாறும், சூறையிட்ட பூசணிக்காயிலிருந்து தெறித்த குங்குமத் தண்ணீரும் அன்றைக்கே கழுவப்பட வேண்டும். பூஜைக்கு முதல் நாள் வாக்ஸ் போட்டுவைத்தால் இந்தக் கவலைகளில் பாதி குறைந்துவிடும்.

கேள்வி: எங்கள் ஊர் டிரைவர்கள் மண்ணெண்ணெயோ டீசலோ தொட்டு வண்டியைத் துடைக்கிறார்கள். நன்றாகப் பளபளக்கிறது. சரிதானா?
(வாசகர், உசிலம்பட்டி)

பதில்: சரியில்லை. அந்தப் பளபளப்பு மேலே நிற்கும் எண்ணெய்ப் படலத்தினுடையது. அடுத்த புழுதி அதிலேயே வந்து ஒட்டும். கண்ணாடி ஓரத்து ரப்பர் பீடிங்கும் நாளடைவில் உப்பி இளகிவிடும். சாலையில் ஒட்டிய தார்ப் புள்ளியை எடுக்க மட்டும், துணியின் நுனியில் சில சொட்டு மண்ணெண்ணெய் தொட்டு அந்தப் புள்ளியை மட்டும் துடைத்து, உடனே ஷாம்பு போட்டுக் கழுவிவிடலாம்.

கேள்வி: புதுக் கார் எடுக்கப் போகிறோம். செராமிக் கோட்டிங் போட்டால் கீறலே விழாது, ஐந்து ஆண்டுக்குக் கவலையில்லை என்று ஷோரூமில் வற்புறுத்துகிறார்கள். வாக்ஸ் போதாதா?
(வாசகி, எஸ்.எஸ். காலனி)

பதில்: கீறலே விழாது என்று சொல்பவரிடம் அதை எழுதித் தரச் சொல்லுங்கள், ஐந்து ஆண்டு உத்தரவாதத் தாளின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதையும் படித்துவிடுங்கள். இடையிடையே அவர்களிடமே பணம் கட்டிப் பராமரிப்புச் செய்தால்தான் உத்தரவாதம் செல்லும் என்ற நிபந்தனை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

செராமிக் கோட்டிங் என்பது சிலிக்கா அடிப்படையிலான திரவம். பெயிண்ட்டின் மேல் மிக மெல்லிய கெட்டிப் படலமாக இறுகிவிடும். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும், அழுக்கு எளிதில் பிடிக்காது, கழுவுவதும் சுலபமாகும். நான்குவழிச் சாலையில் லாரியின் பின்னால் போகும்போது தெறிக்கும் கல்லை அது தடுக்காது. அதற்குப் பாலியூரிதேன் படலம்தான் ஓரளவு ஈடுகொடுக்கும், விலையும் அதிகம். உலர்ந்த துணியால் துடைத்தால் செராமிக் மேலும் கீறல் விழும். உப்புத் தண்ணீர் முத்து முத்தாக நின்று வெயிலில் காய்ந்தால், அழகான வட்டங்களாகவே கறை படியும்.

வாக்ஸ் என்றால் பெரும்பாலும் பிரேசில் நாட்டுப் பனை வகையொன்றின் இலையிலிருந்து எடுக்கும் கார்னாபா மெழுகு, அல்லது அதற்கு மாற்றான செயற்கைப் பாலிமர். நம் வெயிலுக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டியிருக்கும். கழுவும்போது தண்ணீர் முத்தாக நிற்காமல் பாயாகப் பரவினால் வாக்ஸ் போய்விட்டது என்று தெரிந்துகொள்ளலாம். கடையில் வாங்கும்போது பாலிஷையும் வாக்ஸையும் ஒன்றென்று எண்ணிவிடாதீர்கள். முன்னது பூச்சைத் தேய்த்து எடுப்பது, பின்னது பூச்சின் மேல் படிந்து காப்பது. புது வண்டிக்குப் பின்னது போதும்.

வண்டிக்குக் கூரை இருந்து, கழுவுவது நீங்களாகவோ உங்கள் கண்முன்னோ நடந்தால், வாக்ஸே போதும் என்பது எங்கள் கருத்து. இரவும் பகலும் தெருவிலேயே நிற்கும் வண்டி என்றால் செராமிக் போடுவதில் நியாயம் உண்டு. அப்போதும் டெலிவரி நாளின் அவசரத்தில் வேண்டாம். போடும் முன் பெயிண்ட்டைச் சுத்தம் செய்து, இருக்கும் கீறல்களை எடுத்த பிறகே போட வேண்டும். இல்லையென்றால் கீறல்களும் கோட்டிங்குக்கு அடியில் பத்திரமாக இருந்துவிடும்.

கேள்வி: கொடைக்கானல் போய்த் திரும்பும் வழியில் குழந்தை பின்சீட்டில் பாலை வாந்தி எடுத்துவிட்டாள். அப்போதே துடைத்தோம், வாசனைத் திரவியமும் வைத்தோம். ஏ.சி. போட்டால் இரண்டும் கலந்து இன்னும் மோசமாக அடிக்கிறது.
(வாசகி, வில்லாபுரம்)

பதில்: முதலில் அந்த வாசனைத் திரவியத்தை எடுத்துவிடுங்கள், நாற்றத்தின் இருப்பிடத்தை மோப்பம் பிடிக்க அதுவே தடையாக இருக்கும். பால் சீட்டின் மேல்துணியோடு நின்றிருக்காது. தையல் வழியாக உள்ளே இருக்கும் ஃபோமிலும், சீட் மடிப்புக்குள் செருகியிருக்கும் பெல்ட் பக்கிளின் அடியிலும், தரைக் கார்ப்பெட்டிலும் இறங்கியிருக்கும். உறையைக் கழற்றுங்கள். வெந்நீர் ஊற்ற வேண்டாம். பாலின் புரதம் வெப்பத்தில் திரிந்து இழையில் பிடித்துக்கொள்ளும். குளிர்ந்த தண்ணீரில் துணி துவைக்கும் திரவம் சில சொட்டு கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து, கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி ஒற்றி எடுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு மூன்று தடவை ஒற்றி, உலர்ந்த துண்டை வைத்து முழு எடையோடு அழுத்தி ஈரத்தை வெளியேற்றுங்கள். வளர்ப்புப் பிராணிகளின் கறைக்கென்று விற்கும் என்சைம் திரவம் கிடைத்தால் அதை ஊறவைப்பது மிகவும் பலன் தரும். நன்றாகக் காய்ந்ததும் ஆப்ப சோடாவைத் தாராளமாகத் தூவி, இரவு முழுவதும் விட்டு, காலையில் வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

தண்ணீரை மட்டும் அள்ளி ஊற்றிவிடாதீர்கள். ஊறிய ஃபோம் காயாமல் பூஞ்சை பிடித்தால் அந்த நாற்றம் பாலைவிடக் கொடியது. சீட்டுகளுக்கு அடியில் ஏர்பேக், பெல்ட் ஆகியவற்றின் வயர்களும் ஓடும். மஞ்சள் உறை போட்ட வயரையோ பிளக்கையோ கண்டால் அதை நனைக்கவும் வேண்டாம், கழற்றவும் வேண்டாம். பெல்ட்டில் பட்டிருந்தால் முழுநீளத்துக்கு இழுத்து மிதமான சோப்புத் தண்ணீரால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே விடுங்கள். பிளீச்சிங் திரவம் பெல்ட்டின் இழையைப் பலவீனமாக்கும். பிறகு நான்கு கதவுகளையும் திறந்து வைத்து ஒரு பகல் முழுவதும் வெயிலில் நிறுத்துங்கள். மதுரையில் அதற்கு மட்டும் பஞ்சமில்லை.

இத்தனைக்குப் பிறகும் ஏ.சி. போட்டவுடன் வாடை வந்தால், சீட்டை விட்டுவிட்டு கேபின் ஃபில்டரைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் அது முன்பக்கத்து டேஷ்போர்டுப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும், கைப்புத்தகத்தில் படம் போட்டிருப்பார்கள். புழுதியும் இலைச்சருகும் அடைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். வீட்டை நெருங்கும்போது ஏ.சி.யை நிறுத்திவிட்டு ஃபேனை மட்டும் சில நிமிடம் ஓடவிடும் பழக்கம், உள்ளே தங்கும் ஈரத்தை உலர்த்திப் புழுங்கல் வாடையைத் தடுக்கும்.

கேள்வி: வீட்டு வாசலில் வேப்பமர நிழலில்தான் காரை நிறுத்துகிறோம். காக்கையும் மைனாவும் எச்சமிட்டுப் பாழாக்குகின்றன. கவர் போட்டு மூடினால் சரியாகுமா?
(வாசகர், அழகர்கோவில் சாலை)

பதில்: எச்சத்தில் யூரிக் அமிலம் உண்டு என்பது ஒரு பக்கம். வெயிலில் கிளியர் கோட் இளகி விரிந்து, மாலையில் குளிர்ந்து சுருங்கும்போது, மேலே காய்ந்து இறுகிய எச்சத்தின் சொரசொரப்பு அதில் அச்சாகப் பதிந்துவிடுவது இன்னொரு பக்கம். எனவே பார்த்த அன்றே எடுத்துவிட வேண்டும். சுரண்டாதீர்கள். நனைத்த காகிதத் துவாலையை அதன்மேல் ஐந்து நிமிடம் போட்டு வைத்தால் தானே இளகும். அதை அப்படியே சேர்த்து அள்ளி எடுத்து, தண்ணீர் ஊற்றிவிடுங்கள். டிக்கியில் ஒரு சிறு தெளிப்பானில் நல்ல தண்ணீரும் பழைய மைக்ரோஃபைபர் துணி ஒன்றும் வைத்துக்கொண்டால் இது இரண்டு நிமிட வேலை. நாவல் பழக் காலத்துக்கும் இதே வைத்தியம்தான்.

கவரைப் பற்றி: கழுவிய வண்டியின் மேல், காற்றுப் புகும் துணிக்கவரைப் போட்டுப் பல நாள் நிறுத்துவதானால் நல்லது. தினமும் ஓடும் வண்டியின் புழுதிக்கு மேல் கவரை இழுத்து மூடி, காலையில் இழுத்து எடுத்தால், மேலூர் வாசகரின் மஞ்சள் துணிக் கதைதான். பிளாஸ்டிக் கவர் ஈரத்தை உள்ளே அடைத்து வைக்கும் என்பதால் மழைக்காலத்தில் அறவே வேண்டாம். கிளைக்கு நேர் அடியில் நிறுத்தாமல், மரத்துக்கு மேற்கே வெயில் சாயும் பிற்பகலில் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்து ஓரமாக நிறுத்த முடியுமானால், நிழலும் கிடைக்கும், எச்சமும் குறையும்.

கேள்வி: டேஷ்போர்டு வெளிறிப்போகிறது. தேங்காய் எண்ணெய் தடவினால் கறுப்பாகிறது. தொடரலாமா? கண்ணாடியில் தொங்கவிடும் மல்லிகைச் சரத்தால் கேடு உண்டா?
(வாசகி, சோழவந்தான்)

பதில்: எண்ணெய் வேண்டாம். சில நாளில் சிக்குப் பிடித்துத் தூசியை இழுக்கும். பளபளப்பு முன்கண்ணாடியில் பிரதிபலித்து எதிர்வெயிலில் ஓட்டுபவரின் கண்ணைக் கூசவும் வைக்கும். ஈரமான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, புறஊதாக் கதிரைத் தடுக்கும் பளபளப்பில்லாத உட்புறப் பூச்சைத் துணியில் எடுத்துத் தடவுங்கள். ஸ்டியரிங்கிலும் பெடல்களிலும் எதையும் தடவக் கூடாது; வழுக்கும். வெளிறாமல் தடுக்க, நிறுத்தும்போது முன்கண்ணாடிக்குள் வெள்ளி நிறத் தடுப்புத் தட்டியை வைப்பதே எல்லாப் பூச்சையும்விட மேல். மல்லிகைச் சரத்தைத் தாராளமாகப் போடுங்கள். வாடிய சரத்தை அன்றன்றைக்கே எடுத்துவிடுங்கள், ஈரப்பூ டேஷ்போர்டில் உட்கார்ந்து அழுகினால் அந்தப் பழுப்புக்கறை பிளாஸ்டிக்கிலிருந்து எளிதில் போகாது.